எரிந்த கலோரியைக் கணக்கிட எந்தக் கருவி வாங்கலாம்? புதுச்சேரி, கடலூர்வாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

உடற்பயிற்சியில் எரிந்த கலோரியை நேரடியாக அளக்கும் கருவி எதுவும் கடைகளில் விற்பதில்லை. நேரு வீதிக் கண்ணாடி அலமாரியில் இருக்கும் 1,500 ரூபாய்க் கடிகாரமும் சரி, 50,000 ரூபாய்க் கடிகாரமும் சரி, உங்கள் இதயத் துடிப்பையும் கை அசைவையும் பார்த்து ஒரு மதிப்பீட்டைச் சொல்கின்றன, அவ்வளவுதான். உண்மையாகவே அளக்க வேண்டுமென்றால் ஆய்வகத்தில் முகமூடியை மாட்டிக்கொண்டு, எவ்வளவு ஆக்சிஜன் உள்ளே போகிறது, எவ்வளவு கரியமில வாயு வெளியே வருகிறது என்று கணக்கெடுக்க வேண்டும். புதிதாக வாங்குகிறவர்கள் "எது துல்லியமானது?" என்று கேட்டபடி கடை கடையாக ஏறி இறங்குவதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நான் செய்யும் பயிற்சிக்கு எந்தக் கருவியின் மதிப்பீடு ஓரளவு நம்பத் தகுந்தது? அது தவறினாலும் நாள்தோறும் ஒரே அளவில் தவறுமா? ஒரே அளவில் தவறும் கருவியை வைத்துக்கொண்டு போன மாதத்தையும் இந்த மாதத்தையும் ஒப்பிடலாம். இன்று கூட்டியும் நாளை குறைத்தும் சொல்லும் கருவியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

2017இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கைக்கருவிகளை 60 பேருக்கு மாட்டி, நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் வைத்துச் சோதித்தார்கள். இதயத் துடிப்பில் ஏழில் ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் நின்றன. கலோரியிலோ, இருப்பதிலேயே நல்ல கருவி சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம் தவறியது. அந்தக் கருவிகளில் பல இன்று விற்பனையிலேயே இல்லை, சென்சார்களும் மேம்பட்டிருக்கின்றன. இருந்தாலும் துடிப்பை நம்பலாம், கலோரியைச் சற்றுத் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும் என்ற நிலை அப்படியேதான் இருக்கிறது.

கடைக்குப் போகுமுன் ஒரு தாளும் பேனாவும்

முதலில் கருவியே இல்லாமல் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாம் பேச்சில் கலோரி என்று சொல்வது கணக்கில் கிலோ கலோரி. பிஸ்கட் உறையில் கிலோ கலோரி என்று இருப்பதும் கடிகாரத்தில் கலோரி என்று வருவதும் ஒன்றுதான்.

உடற்பயிற்சித் துறையில் 'மெட்' என்று ஓர் அலகு இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் செலவிடும் ஆற்றல் 1 மெட். அதாவது ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு கலோரி. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் 3.5 மெட், மூச்சு வாங்க விறுவிறுவென்று நடந்தால் 5, மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் 8. நிதானமாகச் சைக்கிள் மிதித்தால் 4, ஆசனங்கள் செய்தால் 2.5. உங்கள் எடையை மெட்டால் பெருக்கி, அதை எத்தனை மணி நேரம் செய்தீர்களோ அதனால் பெருக்கினால் கலோரி கிடைக்கும்.

65 கிலோ எடையுள்ள ஒருவர் காந்தி சிலையருகே கிளம்பி, கடற்கரைச் சாலையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஒரு மணி நேரம் நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 65ஐ 3.5ஆல் பெருக்கினால் சுமார் 227 கலோரி. நடக்காமல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் இதில் 65 கலோரி எப்படியும் செலவாகியிருக்கும். அதைக் கழித்தால், நடந்ததால் மட்டும் எரிந்தது 162. இதை வேறு வழியிலும் சரிபார்க்கலாம். சமதளத்தில் நடந்தால் கிலோ எடைக்குக் கிலோமீட்டருக்கு அரை கலோரி, ஓடினால் ஒரு கலோரி என்பது பயிற்சியாளர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு. 65 கிலோ, 5 கிலோமீட்டர், அரை கலோரி என்று பெருக்கினால் அதே 162 வருகிறது.

எந்தக் கருவியை வாங்கினாலும் அது காட்டும் எண்ணை இந்தக் கைக்கணக்கோடு ஒப்பிடுங்கள். மொத்தக் கணக்கான அந்த 227ஐ ஒட்டி 200 என்றோ 250 என்றோ காட்டினால் சரி. அதே நடைக்கு 500 என்று காட்டினால் அந்தக் கருவி உங்களுக்கு ஐஸ் வைக்கிறது என்று பொருள். இந்தத் தாள் கணக்கே போதும் என்று தோன்றுகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நடைப்பயிற்சி மட்டும் செய்கிறவர்களில் பலருக்கு இதுவே போதும் என்பது என் கருத்து.

பயிற்சியைப் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுங்கள்

நடை மட்டும்தான் என்றால் உங்கள் சட்டைப்பையில் இருக்கும் செல்பேசியிலிருந்து தொடங்குங்கள். அதில் அசைவைக் கண்டறியும் சென்சாரும் ஜிபிஎஸ்ஸும் ஏற்கெனவே இருக்கின்றன. தூரமும் எடையும் தெரிந்தால் நடைக்கான கலோரி ஓரளவு சரியாகவே வரும். பேசியைத் தூக்கிக்கொண்டு நடக்கப் பிடிக்கவில்லையென்றால் மணிக்கட்டில் கட்டும் ஃபிட்னஸ் பேண்ட் என்ற பட்டை போதும். ஷாவ்மி, சாம்சங், ஹுவாய் போன்றவர்களின் பட்டைகள் ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ரூபாய்க்குள் இருக்கின்றன. தினமும் 10,000 காலடி நடக்க வேண்டும் என்ற இலக்கு இவற்றோடு ஒட்டிக்கொண்டே வரும். அது மருத்துவர்கள் ஆராய்ந்து சொன்ன எண் அன்று. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிக்கணக்குக் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து வந்தது. 7,000 காலடி நடந்துவிட்டு மனம் நொந்து வீடு திரும்ப வேண்டியதில்லை.

இந்தக் கடற்கரையில் நடக்கிறவர்களுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. அதுதான் மணல். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் அலை நனைத்த இறுகிய மணலில் நடப்பது ஒன்று, மேலே கால் புதையும் உலர்ந்த மணலில் நடப்பது வேறொன்று. 1998இல் பெல்ஜியத்தில் நடந்த ஓர் ஆய்வில், அதே வேகத்தில் உலர்ந்த மணலில் நடப்பதற்குக் கெட்டித் தரையைவிட 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் தேவைப்பட்டது. ஓடுவதற்கு 1.6 மடங்கு. அடிகளையும் தூரத்தையும் மட்டும் எண்ணும் கருவிக்கு இது தெரியவே தெரியாது. மணலில் குதிகால் புதைய அரை மணி நேரம் நடந்து பின்னங்கால் சதை இறுகிப்போனாலும், தார்ச்சாலையில் நடந்ததற்கான கணக்கையே அது காட்டும். ஆகவே மணலில்தான் நடக்கப்போகிறீர்கள் என்றால், துடிப்பையும் கணக்கில் சேர்க்கும் கருவியையே வாங்குங்கள்.

ஓட்டக்காரர்களுக்குத் தனி ஜிபிஎஸ் உள்ள கடிகாரம் நல்லது. விளம்பரங்களில் 'ஜிபிஎஸ் வசதி உண்டு' என்று போட்டிருப்பார்கள். பல பட்டைகளில் அது செல்பேசியின் ஜிபிஎஸ்ஸைக் கடன் வாங்குவதுதான், பேசியை வீட்டில் வைத்துவிட்டு ஓடினால் தூரம் வெறும் ஊகமாகிவிடும். கடிகாரத்துக்குள்ளேயே ஜிபிஎஸ் இருக்கிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள். அமேஸ்ஃபிட்டில் குறைந்த விலையிலும், கார்மின், கோரோஸ், போலார் ஆகியவற்றில் கூடுதல் விலையிலும் இத்தகைய கடிகாரங்கள் கிடைக்கின்றன. சென்னையின் அடுக்குமாடிகளுக்கு நடுவே ஜிபிஎஸ் தடுமாறும். நம் ஊரில் கட்டடங்கள் தாழ்வாகவும் கடல் பக்கம் வானம் திறந்தும் இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு. இங்கே, இரண்டு அலைவரிசையில் சிக்னல் பிடித்து அந்தத் தடுமாற்றத்தைக் குறைக்கும் இரட்டை அலைவரிசை ஜிபிஎஸ்ஸுக்காகக் கூடுதலாகப் பணம் கொடுக்க எனக்கு மனம் வராது.

சைக்கிளுக்கு மணிக்கட்டுக் கருவி சரிப்படாது. கை அசையாமல் கைப்பிடியைப் பிடித்திருப்பதால் அடிக்கணக்கு பயனற்றது, சாலையின் அதிர்வில், துடிப்பை எண்ணும் பச்சை ஒளி சென்சாரும் குழம்பும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் ஆரோவில் பக்கத்துச் செம்மண் பாதைகளிலும் தவறாமல் சைக்கிள் ஓட்டுகிறவர்கள், மார்பைச் சுற்றிக் கட்டித் துடிப்பை அளக்கும் மார்புப் பட்டையை வாங்குங்கள். பணம் ஒரு பொருட்டில்லை என்கிறவர்களுக்குச் சைக்கிளின் மிதியிலோ அச்சிலோ பொருத்தும் பவர் மீட்டர் இருக்கிறது. கடையில் வாங்கக்கூடியவற்றில் கலோரியை நிஜத்துக்கு மிக நெருக்கமாகச் சொல்வது அதுதான். கால் செலுத்தும் விசையை அது நேரடியாக அளந்து, மிதிக்கச் செலவான ஆற்றலைக் கிலோ ஜூல் என்ற அலகில் காட்டுகிறது. நம் உடல் எரிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கோ அதற்கும் சற்றுக் குறைவோதான் மிதியைச் சென்றடைகிறது, மீதி வெப்பமாகப் போய்விடும். ஒரு கலோரி என்பது 4.18 கிலோ ஜூல். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுவதால், மீட்டர் 400 கிலோ ஜூல் என்று காட்டினால் ஏறக்குறைய 400 கலோரி எரிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஜிம்முக்குப் போகிறவர்கள் இரும்பைத் தூக்கும்போது கலோரி எண்ணையே பார்க்காமல் இருப்பது நல்லது. எடையைத் தூக்கி மூச்சைப் பிடிக்கும்போது துடிப்பு ஏறும், அதற்கு ஈடாக ஆக்சிஜன் செலவு ஏறாது. கருவியோ துடிப்பை மட்டும் பார்த்துவிட்டு ஓடியதாக நினைத்துக்கொள்ளும். டிரெட்மில் திரையும் அப்படித்தான். எடையைக் கேட்காத இயந்திரம் யாரோ ஒருவருடைய கலோரியைச் சொல்கிறது. முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அந்த எண்ணும் பொய். இப்போது பரவிவரும் ஸ்மார்ட் மோதிரம் தூக்கத்தைக் கவனிக்க நல்லது, டம்பெல் பிடிக்கிறவர்களுக்கு ஆகாது. விரலையும் அழுத்தும், மோதிரமும் கீறும்.

நீச்சலில் தண்ணீர் சென்சாருக்கும் தோலுக்கும் நடுவே புகுந்துவிடுவதால் துடிப்பு சரியாக வராது. ப்ளூடூத்தும் தண்ணீரைத் தாண்டாது. கை வீச்சுகளை எண்ணும் கடிகாரம் போதும் என்று திருப்தி அடையுங்கள்.

யோகாவுக்குக் கலோரிக் கருவி வேண்டாம். சிலம்பம் சுற்றுகிறவர்கள் மணிக்கட்டில் எதையும் கட்டாதீர்கள். கம்பு சுழலச் சுழல அடிக்கணக்கு எகிறும். மார்புப் பட்டையைக் கட்டி, செயலியில் 'மற்றவை' என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்தால் துடிப்பு சரியாகப் பதிவாகும். புதுச்சேரியில் மாலையில் இரும்புக் குண்டு எறிந்து பெத்தாங்க் ஆடும் பெரியவர்களுக்கு என்ன கருவி என்று யாராவது கேட்டால், விளையாட்டை விளையாட்டாக விடுங்கள் என்றுதான் சொல்வேன்.

மணிக்கட்டா, மார்பா?

மணிக்கட்டுக் கருவியின் அடியில் பச்சை விளக்கு மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைகிறது. அதற்கேற்பத் திரும்பி வரும் ஒளியும் மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் கருவி துடிப்பாக எண்ணுகிறது. கை குலுங்கினாலோ, பட்டை தளர்ந்திருந்தாலோ, அடர்த்தியாகப் பச்சை குத்தியிருந்தாலோ எண்ணிக்கை பிசகும். மார்புப் பட்டை இதயத்தின் மின் சைகையையே பிடிக்கிறது, ஈசிஜி எடுப்பதுபோல. 1977இல் பின்லாந்தில் தொடங்கிய போலார் நிறுவனம் 1982இல் கம்பியில்லாத் துடிப்புமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து விளையாட்டு வீரர்கள் நம்புவது இந்த முறையைத்தான். வேகம் சட்டென்று கூடிக் குறையும் பயிற்சிகளில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும். நீங்கள் ஓடி நின்று மூச்சு வாங்கும்போதுதான் மணிக்கட்டுக் கருவி துடிப்பு ஏறியதைக் கண்டுபிடிக்கும்.

மார்புப் பட்டை சிலருக்கு இறுக்கமாகவும் கூச்சமாகவும் இருக்கும், பெண்கள் பலர் இதைச் சொல்வார்கள். அவர்களுக்கு மேற்கையில் முழங்கைக்கு மேலே கட்டும் ஒளிப் பட்டை இருக்கிறது. வளையல் இடிக்காது, மணிக்கட்டைவிட அங்கே அசைவும் குறைவு. துல்லியத்தில் அது இரண்டுக்கும் நடுவே நிற்கும்.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். நீங்கள் வேர்த்து விறுவிறுத்து நடந்தாலும் துடிப்பு 100ஐத் தொடாமல் போகலாம். அதை வைத்துக் கணக்கிடும் கருவி கலோரியைக் குறைத்தே சொல்லும், அந்த எண்ணை எட்டிப்பிடிக்க உடலை வருத்திக்கொள்வது ஆபத்து. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மார்புப் பட்டை வாங்குமுன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

வெயிலையும் கணக்கில் சேருங்கள்

கத்திரி வெயில் நாட்களில் காலை ஏழு மணிக்கே சட்டை நனைந்துவிடுகிறது. வியர்வை காய்வதற்குக் காற்றில் இடமில்லை. உடம்பைக் குளிரவைக்க ரத்தத்தைத் தோலுக்கு அனுப்ப வேண்டியிருப்பதால், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடித்துக்கொள்ளும். மார்கழிக் காலையில் 110 துடிப்பில் நடந்த அதே மனிதர் மே மாதத்தில் 120ஐத் தாண்டுவார். கருவி இதை உழைப்பு என்று எடுத்துக்கொண்டு கலோரியைக் கூட்டும். வேர்த்துக் கொட்டினால் நிறைய கொழுப்பு எரிகிறது என்று நம்புகிறவர்களுக்கு அந்த எண் மிகவும் பிடிக்கும். போனது பெரும்பாலும் தண்ணீர், வீட்டுக்கு வந்து ஒரு செம்பு நீர் குடித்தால் எடை திரும்பிவிடும். ஆகவே கோடை எண்ணைக் கோடையோடும் குளிர்கால எண்ணைக் குளிர்காலத்தோடும் ஒப்பிடுங்கள். நடக்குமுன் குடிக்கும் பில்டர் காபியும் சிலருக்குத் துடிப்பைச் சற்று ஏற்றும் என்பதால், கருவியைச் சோதிக்கும் நாட்களில் காபியை நடைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கடையில் பார்க்க வேண்டியவை

புதுச்சேரியில் நேரு வீதி, கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலை என்று எங்கே வாங்கினாலும், கையில் கட்டிப் பார்க்க அனுமதிக்கும் கடையாகத் தேர்ந்தெடுங்கள். இணையத்தில் வாங்குவதானாலும் நண்பரிடம் இருக்கும் அதே கருவியை ஒருமுறை கட்டிப் பார்ப்பது நல்லது.

கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் அமைதியாக உட்காருங்கள். கழுத்தோரத்தில் இரண்டு விரலை வைத்து 30 விநாடிக்கு நாடியை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். கருவி காட்டும் எண் அதிலிருந்து நான்கைந்துக்கு மேல் விலகக் கூடாது. பிறகு கடைக்கு வெளியே வந்து மாடிப்படியில் இரண்டு முறை வேகமாக ஏறி இறங்கி, உடனே மறுபடி எண்ணுங்கள். உட்கார்ந்திருக்கும்போது எல்லாக் கருவியும் ஒழுங்காகத்தான் இருக்கும், படியேறிய பிறகுதான் வண்டவாளம் தெரியும். சிலர் கருவியை மேசை மேல் வைத்தும் சுருட்டிய துணியில் கட்டியும் பார்த்து, 'துடிப்பு காட்டுகிறது, இது போலி' என்று தள்ளிவிடுவார்கள். நல்ல சென்சாரும் திரும்பி வரும் ஒளியைத் துடிப்பாகத் தவறாக எண்ணிக்கொள்ளக்கூடும் என்பதால் அந்தச் சோதனையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். அதே சமயம், ஞாயிறு சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கடிகாரத்தில் நேரம் பார்க்கலாம். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

பின்பு செயலியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எடை, உயரம், வயது, பாலினம் இந்த நான்கையும் கேட்கிறதா? எடையைக் கேட்காத செயலியை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். மார்புப் பட்டையை இணைக்க முடியுமா, மாதச் சந்தா கட்ட வேண்டுமா என்றும் பாருங்கள். வூப் என்ற பட்டை போன்றவை சந்தாவில்தான் இயங்குகின்றன.

தண்ணீர் எதிர்ப்பு பற்றி விற்பவர் எதைச் சொன்னாலும் பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 5 ஏடிஎம் என்றிருந்தால் நீச்சல் குளத்துக்கு உதவும். 50 மீட்டர் ஆழத்துக்கு இணையான அசையா அழுத்தத்தைத் தாங்கும் என்பதுதான் அதன் பொருள், 50 மீட்டர் முக்குளிக்கலாம் என்பது அன்று. ஐபி68 (தூசு, தண்ணீர் தடுப்புத் தரம்) என்று மட்டும் இருந்தால் மழைக்கும் கை கழுவுவதற்கும் போதும். அந்தச் சோதனை நன்னீரில் செய்தது, கடல் நீருக்கு அது உத்தரவாதம் தராது. வெந்நீரும் சோப்பும் எந்த வகைக்கும் ஆகாது.

ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழுதானால் இங்கேயே சரிசெய்வார்களா, சென்னைக்கு அனுப்புவார்களா என்பதையும் பணம் கொடுக்குமுன் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

எடையைச் சரியாகப் பதியுங்கள், ஆசைப்படும் எடையை அன்று. பத்து கிலோ குறைத்துப் போட்டால் ஒவ்வொரு நாளும் அந்த அளவுக்கு எண் குறையும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடை மாறியிருந்தால் திருத்துங்கள். எந்தக் கையில் கட்டியிருக்கிறீர்கள் என்பதையும் செயலியில் சொல்லிவிடுங்கள். அதிகம் வேலை செய்யாத கையே நல்லது. கட்டும்போது மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல்கடை மேலே, அசைத்தால் தோலும் சேர்ந்து நகரும் அளவுக்கு இறுக்கமாகக் கட்டுங்கள். நடை முடிந்ததும் தளர்த்திவிடலாம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்து பார்த்தால், படுக்கையை விட்டு இறங்குமுன்னே 365 கலோரி எரிந்ததாகக் காட்டலாம். கருவி கெட்டுப்போகவில்லை. உயிரோடு இருப்பதற்கே உடல் ஆற்றலைச் செலவிடுகிறது, அதையும் கருவி நள்ளிரவிலிருந்து கூட்டி வருகிறது. இதற்குக் கருவித் தயாரிப்பாளர்கள் சூத்திரங்களைப் பயன்படுத்துகிறார்கள். பரவலாகப் பயன்படும் சூத்திரம் 1990இல் வெளியானது. எடையைப் பத்தாலும் சென்டிமீட்டரில் உயரத்தை 6.25ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழிக்க வேண்டும். ஆண்களுக்கு அதோடு 5ஐக் கூட்ட வேண்டும், பெண்களுக்கு 161ஐக் கழிக்க வேண்டும். 65 கிலோ, 165 சென்டிமீட்டர், 45 வயது ஆணுக்கு ஒரு நாளைக்கு 1,461. அதில் கால் பங்குதான் அந்தக் காலை 365.

இந்த இடத்தில்தான் வீட்டுக்குள் சண்டை வரும். கணவனும் மனைவியும் பாரதி பூங்காவருகே வண்டியை நிறுத்திவிட்டு ஒன்றாகக் கிளம்பி, ஒன்றாக ஒரு மணி நேரம் நடந்து, ஒன்றாகத் திரும்புகிறார்கள். கணவர் கடிகாரத்தில் 280. மனைவியின் பட்டையில் 137. "நான் உன்னைவிட இரண்டு மடங்கு நடந்திருக்கிறேன்" என்கிறார் கணவர். "பக்கத்தில்தானே வந்தீர்கள்?" என்கிறார் மனைவி. இரண்டு எண்ணும் சரி. கணவர் 80 கிலோ, 3.5ஆல் பெருக்கினால் 280. அது உட்கார்ந்திருந்தாலும் செலவாகும் பகுதியும் சேர்ந்த மொத்தக் கலோரி. மனைவி 55 கிலோ, மொத்தம் 192. அவருடைய பட்டை உட்கார்ந்திருக்கும் 55ஐக் கழித்துவிட்டு நடையால் எரிந்ததை மட்டும் காட்டுகிறது. உங்கள் கருவி 'ஆக்டிவ்' கலோரியைக் காட்டுகிறதா, 'டோட்டல்' கலோரியைக் காட்டுகிறதா என்பதைச் செயலியில் தேடிப் பார்த்துவிடுங்கள். எடை குறைக்க நினைக்கிறவர்கள் 'ஆக்டிவ்' எண்ணை மட்டும் பாருங்கள். அதையும் முழுசாகச் சாப்பாட்டில் ஈடுகட்டாதீர்கள். ஓட்டல் மெதுவடை ஒன்றே 100 கலோரிக்கு மேல் போகும். கருவி நான்கில் ஒரு பங்கு கூட்டிச் சொல்லியிருந்தால், எரித்ததைவிடத் தின்றது அதிகமாகிவிடும்.

முதல் இரண்டு வாரம் ஒரே பாதையில், ஒரே நேரத்தில், ஏறக்குறைய ஒரே வேகத்தில் நடந்து எண்ணைக் குறித்து வையுங்கள். கடற்கரைச் சாலை இதற்கு வசதி. மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகள் வராது, மேடு பள்ளமும் கிடையாது. கடலூர்க்காரர்கள் மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றலாம். ஓட்டப்பாதை உள்ள மைதானம் கிடைத்தால் இன்னும் நல்லது. முறையாக அமைந்த பாதையின் உட்கோட்டில் ஒரு சுற்று 400 மீட்டர், கருவியின் தூரக் கணக்கை அங்கேயே சோதித்துவிடலாம். எண்கள் பத்து சதவீதம் முன்பின் இருந்தால் கருவியை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் 150, மறுநாள் 260 என்று தாவினால், பட்டையை இறுக்கிக் கட்டி மறுபடி பாருங்கள். அப்படியும் தாவினால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கடைக்குப் போய்விடுங்கள்.

இரு சக்கர வாகனத்தில் போகும் நாட்களில் அடிக்கணக்கை நம்பாதீர்கள். கடலூர் சாலையில் மரப்பாலம் தொடங்கி முள்ளோடை வரை ஓட்டிப் பார்த்தால், உட்கார்ந்தபடியே சில நூறு காலடி நடந்ததாகக் கணக்கில் ஏறியிருக்கலாம். நடையைத் தொடங்கும்போது செயலியில் 'வாக்கிங்' என்று தொடங்கி, முடிக்கும்போது நிறுத்திவிட்டால், அந்தப் பகுதியின் எண்ணை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

உப்புக் காற்றில் பராமரிப்பு

கடலோரத்தில் கருவியின் ஆயுளைக் குறைப்பது உப்பு. வியர்வையின் உப்பும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து பின்பக்கத்தில் இருக்கும் சார்ஜ் முனைகளை அரித்துவிடும், அங்கே பச்சையாகப் பூப்பதைக் காணலாம். நடந்து வந்ததும் நல்ல தண்ணீரில் ஒருமுறை கழுவி, துணியால் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே சார்ஜில் போடுங்கள். பூத்திருந்தால் மென்மையான பல் துலக்கும் தூரிகையால் தேய்த்து எடுக்கலாம், கத்தி முனையால் சுரண்டாதீர்கள். கடலில் இறங்கியிருந்தால் கழுவுவதைத் தள்ளிப்போடக் கூடாது. சிலிக்கான் பட்டைக்கு அடியில் ஈரம் தங்கித் தோல் சிவந்தால், கையை மாற்றிக் கட்டுங்கள், இரவில் கழற்றி வையுங்கள். பட்டையை மட்டும் தனியாக வாங்கக்கூடிய மாடலாகப் பார்த்து வாங்கியிருந்தால் இந்தச் சமயத்தில் உதவும்.

மார்புப் பட்டையைக் கட்டுமுன் அதன் உட்பக்கத் தொடுபகுதிகளைத் தண்ணீரில் நனைக்க வேண்டும். உலர்ந்த பட்டை முதல் ஐந்து நிமிடம் தாறுமாறாகக் காட்டும். வேர்க்கும் வரை பொறுத்தாலும் சரியாகிவிடும், நம் ஊரில் அதற்கு நேரமாகாது. பயிற்சி முடிந்ததும் நடுவில் உள்ள குமிழைத் துணிப்பட்டையிலிருந்து கழற்றிவிடுங்கள். ஈரப் பட்டையில் மாட்டியபடியே விட்டால், இன்னும் மார்பில்தான் இருக்கிறோம் என்று நினைத்து அது இரவெல்லாம் விழித்திருக்கும், சில மாதம் வர வேண்டிய பேட்டரி சில வாரத்தில் தீர்ந்துவிடும். பல பட்டைகளுக்கு 2032 எண் கொண்ட வட்ட பேட்டரி, போலார் எச்10க்கு 2025. இரண்டும் ஒரே அகலம், தடிமன்தான் வேறு. கடிகாரக் கடைக்குப் போகும்போது பழைய பேட்டரியைக் கையோடு எடுத்துப் போங்கள்.